கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள்

2020 மார்ச் 24ஆம் தேதி மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாடு முழுவதும் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தபோது, எங்கள் பட்டறையில் 340 கிலோ கடலைமிட்டாய் தகர டின்களில் இருந்தது. அதில் பாதி அன்றும் முந்தின நாளும் வெட்டி அடுக்கியது. அன்று இரவே நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். நானும் என் கணவரும் டின்களை எண்ணிக்கொண்டு நின்றோம். எண்ணி என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய் பெரும்பாலும் பயணத்தில் விற்கிற பண்டம். பஸ் நிலையத்தில், ரயில் நிலையத்தில், நாற்கரச் சாலை ஓட்டல் வாசலில், ஊருக்குப் போகிறவர் கையில் ஒரு பொட்டலமாகத்தான் அது வெளியூர் போய்ச் சேரும். பஸ்ஸும் ரயிலும் நின்றுவிட்டால் எங்கள் அடுப்பும் நின்றுவிடும். உணவுப் பொருள் தயாரிக்கத் தடை இல்லை என்றார்கள். தயாரித்து யாரிடம் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. பாகு காய்ச்சுவது கணவர். கடலை வறுப்பது, தோல் நீக்கிப் புடைப்பது, வெட்டுவது எல்லாம் ஆறு பெண்கள். கணக்கும் பொட்டலமும் என் பொறுப்பு. ஊரடங்கு முடிந்த பிறகு, ஊறுகாய் போடுகிறவர்கள், மரச்செக்கு எண்ணெய் ஆட்டுகிறவர்கள், வத்தல் வடகம் செய்கிற பெண்கள் எனப் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அந்த நாட்களில் எப்படித் தாக்குப்பிடித்தீர்கள், விளம்பரத்துக்கு யாரை வைத்தீர்கள்? யாரையும் வைக்கவில்லை. வைக்கப் பணமும் இல்லை. எங்களைக் காப்பாற்றியது என் அத்தையின் கணக்கு நோட்டு.

அத்தை என்றால் என் மாமியார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கடையில் அவர் உட்காரும் நேரத்தில் வெளியூரிலிருந்து யாராவது போனில் கேட்டு வாங்கினால், கணக்கு நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி அவர்கள் பெயரை எழுதி வைப்பார். பெயரும் எண்ணும் மட்டுமல்ல. ‘அண்ணா நகர் டீச்சர், தேங்காய்ப்பூ வேண்டாம்.’ ‘பெங்களூர்த் தம்பி, தீபாவளிக்கு ஐந்து கிலோ, அலுவலகத்தில் கொடுக்க.’ ‘திருச்சி மாமி, பல் வலி, மெல்லிசாக வெட்டியது.’ ‘ஓசூர், பாக்கி 140, கேட்க வேண்டாம், மகனுக்கு உடம்பு சரியில்லை.’ இப்படி ஒன்பது வருடத்துக் குறிப்புகள். எதற்கு இதெல்லாம் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, “அடுத்த தடவை பேசும்போது மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்க வேண்டாமா?” என்றார்.

ஊரடங்கின் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு எண்ணினேன். அடித்தவை, இரட்டிப்பானவை, எண் தெளிவில்லாதவை எல்லாம் போக 212 பேர்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் அன்று மாலையே கைப்பேசியில் ஒரு சுவரொட்டி செய்து காட்டினாள். மஞ்சள் எழுத்து, வெடிக்கிற நட்சத்திரம், ‘20 சதவீதத் தள்ளுபடி, இன்றே முந்துங்கள்’. பாசத்தோடு செய்திருந்தாள். ஆனால், நாடே வீட்டுக்குள் முடங்கிப் பயந்துகொண்டிருக்கும்போது யாரை எங்கே முந்தச் சொல்வது? நான் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையால் ஒரு தாளில் எழுதினேன்.

‘வணக்கம். கோவில்பட்டியிலிருந்து கடலைமிட்டாய்க் கடைக்காரர் வீட்டிலிருந்து எழுதுகிறேன். 2018 தீபாவளிக்கு நீங்கள் எங்களிடம் வாங்கினீர்கள். வீட்டில் எல்லோரும் நலமா? எங்களிடம் மார்ச் 23, 24 தேதிகளில் செய்த மிட்டாய் இருக்கிறது. தபாலில் அனுப்ப முடியும். எத்தனை நாளில் வந்து சேரும் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வேண்டுமானால் சொல்லுங்கள். வேண்டாம் என்றாலும் நலமாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.’

இதை வாட்ஸ்அப்பில் மொத்தமாக அனுப்பிவிடலாம் என்றாள் மகள். அதில் பிராட்காஸ்ட் பட்டியல் என்று ஒன்று உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். அனுப்பினோம். மூன்று பேருக்கு மேல் பதில் இல்லை. விசாரித்த பிறகுதான் காரணம் தெரிந்தது. நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போய்ச் சேரும். கடலைமிட்டாய்க்காரர் எண்ணை யார் சேமித்து வைத்திருப்பார்கள்? இன்றுவரை பல சிறு வியாபாரிகள் அனுப்பிவிட்டோம் என்று நம்பிக்கொண்டு காத்திருப்பது இங்கேதான்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். நாளைக்கு நாற்பது பேருக்குக் குறையாமல். அத்தையின் குறிப்பைப் பார்த்து ஒவ்வொரு செய்தியிலும் ஒரு வரியை மாற்றினேன். டீச்சருக்கு, ‘தேங்காய்ப்பூ போடாததும் இருக்கிறது’. திருச்சி மாமிக்கு, ‘பல் வலி இப்போது எப்படி?’ ஐந்து நாளில் 212 பேருக்கும் போனது. 87 பேர் பதில் எழுதினார்கள். முதல் வாரத்தில் வாங்கியவர்கள் 31 பேர். மற்ற 56 பேரும் எழுதியது நலம் விசாரிப்பு மட்டுமே. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அடுத்த இரண்டு மாதங்களில் வாங்கினார்கள். ஒவ்வொருவரிடமும் கடைசியில் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: எங்கள் எண்ணைச் சேமித்து வையுங்கள். அதன் பிறகு பிராட்காஸ்ட் வேலை செய்தது.

340 கிலோவும் இப்படியே விற்றுத் தீர்ந்துவிடவில்லை. தபாலில் போனது 110 கிலோவுக்குச் சற்று மேல். எண்பது கிலோ அளவுக்குத் தூய்மைப் பணியாளர்களுக்கும் காவல் பணியில் நின்றவர்களுக்கும் கொடுத்தோம். மீதியில் ஒரு பகுதியை உள்ளூர் மளிகைக் கடைகள் எடுத்தன. கடைசி இரண்டு டின் நமத்துப் போய், கடலையில் சிக்கு வாடை தட்டிவிட்டது. அதை மாட்டுக்குக் கொடுத்துவிட்டோம். அந்த இரண்டு டின்னையும் யார் தலையிலாவது கட்டியிருந்தால் நோட்டில் அந்தப் பெயர்களுக்கு அர்த்தமே இருந்திருக்காது.

ஏப்ரல் நடுவில் முறையை மாற்றினோம். செய்துவிட்டு விற்பதை நிறுத்தி, கேட்டதும் செய்வது என்று வைத்தோம். திங்களும் செவ்வாயும் ஆர்டர் எழுதுவது, புதன் காலை அடுப்பு மூட்டுவது, வியாழன் தபால் நிலையம். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, அதாவது காபி நேரத்தில், வாரத்துக்கு ஒரே ஒரு செய்தி. இந்த ஒழுங்குக்கு நாங்கள் வந்ததே ஒரு தவறு செய்த பிறகுதான். ஆசைப்பட்டு ஒரே வாரத்தில் நான்கு செய்தி அனுப்பினேன். ஒன்பது பேர் இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். மரியாதையாகத்தான் எழுதினார்கள். அந்த ஒன்பது பெயரையும் நோட்டில் அடிக்கும்போது மனது வலித்தது.

வெள்ளிக்கிழமைச் செய்தியில் என்ன எழுதினேன் என்று கேட்கிறார்கள். அந்த வாரம் பட்டறையில் நடந்ததைத்தான். கடலை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, வெல்லம் இந்த முறை ஏன் கொஞ்சம் கறுப்பாக இருக்கிறது, மழை வந்ததால் ஏன் ஒரு நாள் தாமதம். எல்லாவற்றையும் விட அதிகம் பேரைத் தொட்டது இருபது விநாடி ஓடுகிற ஒரு காணொளி. அதை எப்படி எடுத்தோம் என்று சொல்கிறேன்.

காலை ஏழு மணி. பட்டறையின் கிழக்குச் சன்னலில் வெயில் சாய்வாக விழும். அந்த வெளிச்சத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர். கணவர் கரண்டியால் கொதிக்கிற பாகைத் தொட்டு, கிண்ணத்துக்கு மேலே பிடித்து ஒரு சொட்டு விடுகிறார். சொட்டு தண்ணீரின் அடியில் போய் முத்தாக உட்காருகிறது. அதை விரலால் எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டுகிறார். முதல் முறை சத்தம் வரவில்லை, வளைகிறது. இன்னும் பதம் வரவில்லை என்று அர்த்தம். இன்னொரு சொட்டு. இந்த முறை ‘டிங்’ என்று கண்ணாடி உரசினாற்போல ஒரு சத்தம், முத்து இரண்டாக உடைகிறது. உடனே அவர், “கடலையைக் கொட்டு” என்கிறார். அவ்வளவுதான். பாட்டு இல்லை, எழுத்து இல்லை. பின்னால் விறகு வெடிக்கிற சத்தமும் அவர் குரலும் மட்டும். மகள்தான் எடுத்தாள், இந்த முறை நானும் அவளும் ஒரே மனதாக. அந்த ஒரு வெள்ளிக்கிழமை 64 ஆர்டர் வந்தது. அந்தச் சத்தத்தைத் தன் அப்பாவுக்குப் போட்டுக் காட்டியதாகவும், அவர் கோவில்பட்டியில் வேலை பார்த்த நாட்களைப் பற்றி இரவு முழுக்கப் பேசியதாகவும் ஒருவர் எழுதினார்.

சிறு தயாரிப்பாளர்களிடம் நான் கெஞ்சிச் சொல்வது இதைத்தான். கடையில் வாங்கிய படத்தை உங்கள் பண்டத்துக்குப் போடாதீர்கள். உங்கள் அடுப்படியில் நீங்கள் தினமும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ஒன்று இருக்கும். செக்கில் எள் மசிகிற நேரம், மோர் மிளகாய் வெயிலில் சுருங்குகிற மூன்றாம் நாள், வடகத்தை ஓலையிலிருந்து உரிக்கிற கை. அதைக் காட்டுங்கள். அதைத்தான் வேறு யாராலும் காட்ட முடியாது.

தள்ளுபடி கொடுக்கவே இல்லை. இதில் பலர் என்னோடு முரண்படுகிறார்கள், நான் மாறவில்லை. நெருக்கடியில் விலையைக் குறைத்தால், இவ்வளவு நாளும் அதிகமாக வாங்கினார்களோ என்ற நினைப்பை நாமே கொடுத்துவிடுகிறோம். பிறகு பழைய விலைக்கு ஏற்றவே முடியாது. கையில் காசு குறைந்தவர்களுக்காக 200 கிராம் பொட்டலம் போட்டோம். அது போதுமானதாக இருந்தது. இரக்கத்தைக் கேட்டும் எழுதவில்லை. ‘எங்களைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதினால் நல்ல மனதுள்ளவர்கள் ஒரு முறை வாங்குவார்கள். இரண்டாம் முறை வாங்க வைப்பது மிட்டாயின் மொறுமொறுப்பு மட்டுமே.

இன்னொரு யோசனையும் வந்தது. வீடு வீடாகக் கபசுரக் குடிநீர் குடித்த காலம். மிட்டாயில் கொஞ்சம் மிளகும் சுக்கும் சேர்த்து, நோய் எதிர்ப்புச் சக்தி தரும் என்று போட்டால் பறந்துவிடும் என்றார் ஒரு மொத்த வியாபாரி. சுக்கு போட்ட மிட்டாயை ருசிக்காக நாங்கள் முன்பே செய்வதுண்டு. ஆனால், பயந்து கிடக்கிற மனிதரிடம் மருந்து என்று சொல்லி மிட்டாயை விற்பது பாவம். சட்டமும் அதைத் தவறு என்றே சொல்கிறது. உணவைப் பற்றித் திசைதிருப்பும் விளம்பரம் செய்தால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுத்துவிட்டோம்.

ஏப்ரல் 30ஆம் தேதி எதிர்பாராத ஒரு செய்தி வந்தது. கடலைமிட்டாய்த் தயாரிப்பாளர் சங்கத்தின் சார்பில் 2014இல் விண்ணப்பித்திருந்த புவிசார் குறியீடு, அதாவது இந்தப் பண்டம் இந்த ஊருக்கே உரியது என்கிற அரசுப் பதிவு, கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குக் கிடைத்துவிட்டது. ஊரே பூட்டிக் கிடந்த நேரத்தில் ஊருக்கு அந்தப் பெருமை. பட்டாசு வெடிக்க முடியவில்லை. கணவர் அடுப்புக்கு முன்னால் ஒரு சூடம் ஏற்றினார். இந்த மிட்டாயை 1940களில் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த பொன்னம்பல நாடார் தொடங்கி வைத்ததாக ஊரில் சொல்வார்கள். அவருடைய பெயரை என் மாமா அன்று பலமுறை சொன்னார். அன்று மாலை நாங்கள் யாருக்கும் எழுதாமலேயே எங்களுக்குச் செய்தி வந்து குவிந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் நன்றி சொல்லி எழுதினேன். குறியீட்டின் முத்திரையை மட்டும் எங்கள் லேபிளில் அச்சடிக்கவில்லை. பெயர் ஊருக்குக் கிடைத்தாலும், அதைப் பயன்படுத்தத் தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆகவே லேபிளில் முன்பு இருந்தது மட்டும்தான்: சேர்பொருள், எடை, செய்த தேதி, விலை, உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், எங்கள் போன் எண். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அதில் பாகு காய்ச்சியவர், வெட்டியவர், பொட்டலம் கட்டியவர் பெயர்களை அவரவர் கையெழுத்தில் போட வைத்தேன். ஆறு பெண்களில் ஒருவருக்குத் தன் பெயர் மட்டுமே எழுதத் தெரியும். தன் பெயர் சென்னைக்கும் கோவைக்கும் போகிறது என்று அவர் அடைந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

மே மாதம் ஒரு அடி விழுந்தது. அவசரத்துக்கு 14 பெட்டிகளை ஒரு தனியார் கூரியரில் அனுப்பினோம். எங்கோ ஒரு கிடங்கில் பதினோரு நாள் வெயிலில் கிடந்து, பாகு கசிந்து, கட்டியும் பிசினுமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மூன்று பேர் மட்டுமே புகார் சொன்னார்கள். மற்றவர்கள் பாவம் என்று விட்டிருக்க வேண்டும். 14 பேருக்கும் அன்றே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். புதிதாகச் செய்து தபாலில் அனுப்பினோம். அத்தோடு நிற்காமல், அந்த வெள்ளிக்கிழமை பட்டியலில் உள்ள எல்லோருக்கும் நடந்ததை அப்படியே எழுதினேன். ஏன் கெட்டது, இனி எப்படிக் கட்டப்போகிறோம், இரட்டை உறை, நடுவில் காகிதம், ஓரம் ஒட்டிய இடத்தைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைப்போம் என்பது வரை. கணவருக்கு இதில் விருப்பமே இல்லை. “தெரியாதவர்களுக்கும் ஏன் சொல்ல வேண்டும்?” என்றார். அந்த வாரம் ஆர்டர் குறையவில்லை. அதைவிட, ‘பார்சல் வந்தது, நன்றாக இருந்தது’ என்று யாரும் கேட்காமலேயே எழுதும் பழக்கம் அதன் பிறகுதான் வாடிக்கைக்காரர்களிடம் வந்தது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சோடா அண்ணாச்சி இருக்கிறார். பன்னீர் சோடா, கோலி சோடா. அவருடைய வருடச் சம்பாத்தியமே மார்ச் முதல் ஜூன் வரைதான். அந்த நான்கு மாதமும் போயிற்று. என் மிட்டாய் தபாலில் போகும், அவர் பாட்டில் போகாது. கோலி பாட்டில் காலியாகத் திரும்பி வந்தால்தான் தொழில். புதிது வாங்கக் கட்டுப்படியாகாது.

ஒருநாள் அத்தையின் நோட்டைப் பற்றிச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு 2017ஐப் பற்றிச் சொன்னார். சல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. நம் ஊர்ச் சோடாக்களுக்குத் திடீரென்று கிராக்கி. இரவு பகலாக இயந்திரத்தைச் சுற்றியிருக்கிறார். நிரப்பிய பாட்டிலைக் கவிழ்க்கும்போது உள்ளே கோலி உருண்டு வந்து, வாயில் இருக்கிற ரப்பர் வளையத்தில் உட்காரும், வாயு அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் அந்தக் கோடை முழுவதும் எங்கள் தெருவில் ஓயவே இல்லை, எனக்கும் நினைவிருக்கிறது. புதிது புதிதாகக் கடைக்காரர்கள் வந்து வாங்கிப் போனார்கள். “ஒருத்தர் எண்ணைக்கூட நான் எழுதி வைக்கவில்லை தாயி. தானாக வந்தார்கள், தானாகப் போய்விட்டார்கள்” என்றார்.

அவருக்காக நானும் மகளும் உட்கார்ந்து யோசித்தோம். வெளியூர் முடியாது, ஆகவே நடந்து போகிற தூரம் மட்டும். நான்கு தெருக்கள். வீட்டுக்கு வீடு ஒரு சீட்டு: மாலை ஐந்து மணிக்குச் சோடா வரும், வாசலில் வாளியை வையுங்கள், பாட்டிலை அதில் இறக்குவோம், மறுநாள் காலி பாட்டிலை அதே வாளியில் வையுங்கள். யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. அவர் தன் டி.வி.எஸ். வண்டியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரு நோட்டில் வீட்டு எண், பாட்டில் கணக்கு, பக்கத்தில் குறிப்பு. மூன்றாம் வாரம் 118 வீடுகள். பழைய சம்பாத்தியத்தில் அது கால்வாசிகூட இல்லை. ஆனால் இயந்திரத்தை விற்காமல் அந்த வருடத்தைத் தாண்டினார்.

செப்டம்பர் 7 முதல் வெளி மாவட்டப் பஸ்களும் ரயில்களும் ஓடத் தொடங்கின. பழைய வியாபாரம் மெல்லத் திரும்பியது. இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். நேரம் இல்லை என்று வெள்ளிக்கிழமைச் செய்தியை நிறுத்திவிடுகிறார்கள். நாங்கள் நிறுத்தவில்லை. 2021 மே 10ஆம் தேதி மீண்டும் முழு ஊரடங்கு வந்தபோது எங்களிடம் மூன்று பட்டியல்களில் 640 பேர் இருந்தார்கள். அந்த முறை டின்களை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. ஆறு பேருக்கும் ஒரு வாரக் கூலிகூட நிற்கவில்லை.

அத்தை 2022இல் காலமானார். நோட்டை நான் தொடர்ந்து எழுதுகிறேன். கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று மகள் சொல்கிறாள். அதிலும் இருக்கிறது, காகிதத்திலும் இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையைத் தமிழ்நாடே மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நடுவழியில் நின்றது. எங்கள் பட்டறைக்குள்ளும் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். வெல்ல மூட்டைகளைப் பரணில் ஏற்றிவிட்டு, மின்சாரம் இல்லாத வீட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். கைப்பேசியில் சார்ஜ் பதினொரு சதவீதம். இரவு ஒன்பது மணி வாக்கில் சிக்னல் வந்ததும் செய்திகள் மொத்தமாக இறங்கின. முதலில் இருந்தது அண்ணா நகர் டீச்சருடையது. ‘வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? அடுப்பு நனைந்துவிட்டதா? அந்த ஆறு பெண்களும் பத்திரமாக இருக்கிறார்களா?’ அதன் கீழே திருச்சி மாமி, பெங்களூர்த் தம்பி, இன்னும் நாற்பது, ஐம்பது பேர்.

எல்லோருக்கும் அன்று பதில் எழுத முடியவில்லை, சார்ஜ் போய்விட்டது. மறுநாள் வெயில் வந்தபிறகு நனைந்த நோட்டைத் தாள் தாளாகப் பிரித்துக் காயவைத்தேன். மை இரண்டு இடத்தில் மட்டும் கலைந்திருந்தது. டீச்சருடைய பெயருக்கு நேராக வாங்கிய எடையை எழுதும் கட்டம் ஒன்று உண்டு. அதில் எழுத ஒன்றுமில்லாததால் தேதியை மட்டும் எழுதினேன்.